பதமும் பாடமும்: பாலாற்றங்கரைத் தோல்தொழில் கற்ற கல்வி

காட்பாடிச் சந்திப்பின் நடைமேடையில் விடியற்போதில் நிற்பவர் இருவகை மக்களைக் காணலாம். தொலைதூர வண்டிகளிலிருந்து பெட்டியும் படுக்கையுமாய் இறங்குவோர் ஒருவகையினர். 1984ஆம் ஆண்டில் வேலூர்ப் பொறியியற் கல்லூரி என்னும் பெயரில் தொடங்கி, 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்வி நிறுவனத்தை நாடி நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் இளைஞர் அவர்கள். அதே மேடையில், சோற்றுத் தூக்கு வைத்த பையோடு ஜோலார்பேட்டை செல்லும் வண்டிக்குக் காத்து நிற்போர் மற்றொரு வகையினர். அவர்களுட் பலர் ஆம்பூர்ப் பகுதிக் காலணி ஆலைகளில் தைப்புப் பணி செய்யும் பெண்கள். பதினெட்டு ஆண்டுகளாக நானும் அவ்வண்டியிலேயே கல்லூரிக்குச் சென்று வருகிறேன்.

முதல்வகையினர் கற்க வந்தவர், இரண்டாம் வகையினர் உழைக்கச் செல்பவர் என நாம் எளிதிற் பிரித்துவிடுகிறோம். உழைக்குமிடத்தில் கல்வி நிகழ்வதில்லையா? நிகழ்கிறதெனின், அக்கல்வி யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது? ஒரு வட்டாரத்தின் பொருளியல் நிலை மாறும்பொழுது அங்குள்ள அறிவும் மாறுகின்றது. அம்மாற்றத்தை யார் கற்கின்றனர், யார் அதற்கு விலை கொடுக்கின்றனர்? நம் பாலாற்றங்கரைத் தோல்தொழிலை முன்வைத்து இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு தமிழாசிரியனுக்கு இங்கு என்ன வேலை என்று கேட்போர்க்குக் கட்டுரையின் பிற்பகுதியில் விடை உண்டு.

காற்றில் கலந்த கல்வி

தொழில் நடக்கும் இடமே தொழிலைக் கற்கும் இடம் என்னும் கருத்து அறிஞர் உலகிற்குப் புதியதன்று. ஆங்கிலப் பொருளியலறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட பொருளியல் நூலில், ஒரே தொழில் ஓர் ஊரில் நெடுங்காலம் நிலைபெறுமாயின் அதன் நுணுக்கங்கள் மறைபொருளாக இராமல் அவ்வூர்க் காற்றிலேயே கலந்துவிடுகின்றன என்றும், சிறார் தம்மை அறியாமலே அவற்றைக் கற்றுக்கொள்கின்றனர் என்றும் விளக்கினார். ஷெஃபீல்டு நகரின் கத்தித் தொழில் போன்றவற்றை அவர் கண்முன் கொண்டிருந்தார். காற்றில் கலந்தது என்றவுடன் நம் பகுதியார் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடும். தோல் ஷாப்புகள் நிறைந்த ஊரைக் கடக்கையில் சன்னலைச் சாத்தாத இரயில் பயணி அரியர். ஆனால் அந்த நாற்றத்தோடு கலந்திருந்த அறிவை நாம் கவனித்தோமா என்பது வேறு செய்தி.

மார்ஷலுக்குப் பின் வந்தோர் இக்கருத்தை மேலும் விரித்தனர். மைக்கேல் பொலானி என்பார் 1966இல் வெளியிட்ட சிறுநூலில், மனிதன் தன்னால் சொல்ல இயல்வதைவிட மிகுதியாக அறிந்திருக்கிறான் என்று வாதிட்டார். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவன் அதனை எவ்வாறு ஓட்டுகிறான் என்று எழுதிக்காட்ட இயலாது. இவ்வகை அறிவு நூலில் அடங்காது. அருகிருந்து பார்த்தும் பழகியும் பெறவேண்டியது.

நம் முன்னோர்க்கும் இஃது அறியாத செய்தியன்று. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் என்னும் புலவர், போர்வைக்கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு உவமை தேடுகிறார். மின்னலையோ அம்பையோ அவர் சொல்லவில்லை. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவி ஈற்று வலியில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் கட்டிலை வாரால் பின்னி முடிக்க முயலும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசியே அரசனின் போருக்கு உவமையாகிறது. (அப்பாடல் தொடர்பாகக் குறிக்கப்பெறும் ஆமூர் நம் ஆம்பூர் என்று மாணவர் மகிழ வேண்டா; அதற்குச் சான்றில்லை.) ஒரு கைவினைஞனின் கைவிரைவைப் புலவர் எத்துணை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்! ஆனால் அதே பாடல் அவனை ‘இழிசினன்’ என்றே குறிக்கிறது. திறமையைப் பார்த்த கண், திறமுடையானைத் தாழ்வாகவே பார்த்தது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதை நம் வட்டாரத் தொழில் வரலாற்றிலும் காண்கிறோம்.

என் தந்தையார் பேரணாம்பட்டில் தோல் தரம் பிரிக்கும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆட்டுத்தோல் ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் விரிப்பார். கட்டைவிரலால் கழுத்திலிருந்து வால்பக்கம் வரை ஒருமுறை தடவுவார். ‘ரெண்டு’ என்றோ ‘மூணு’ என்றோ தரத்தைச் சொல்லி அந்தந்த அடுக்கில் எறிவார். உண்ணி கடித்த புள்ளி, முட்கீறல், அம்மைத் தழும்பு, உரிப்பவன் கத்தி தவறிய வெட்டு, உப்பிடத் தாமதித்ததால் வந்த அழுகல் ஆகிய எல்லாம் அந்த ஒரே தடவலில் அவருக்குத் தெரிந்துவிடும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில், ‘எப்படி அத்தா தெரியுது?’ என்று கேட்டேன். ‘கை சொல்லுது’ என்றார். பொலானியின் நூலைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது எனக்கு அந்த விடையே நினைவுக்கு வந்தது.

அவர் பணிசெய்த இடம் கைமாறியது. புதிய நிருவாகத்தார் ஒவ்வொருவரின் கல்வித்தகுதியையும் கேட்டுப் பதிவு செய்தனர். தந்தையாரிடம் காட்டுவதற்குத் தாள் ஒன்றும் இல்லை. எனவே அவர் பெயர் பயிற்சியற்ற பணியாளர் வரிசையில் எழுதப்பட்டது. கணக்கும் அவ்வரிசைப்படியே தீர்க்கப்பட்டது. இவ்வரிசையில் எழுதப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதாலேயே இதனை ஈண்டுக் குறிப்பிடுகிறேன்.

பட்டையிலிருந்து குரோமியத்திற்கு

தமிழகத்தில் தோல் பதனிடுதல் மிகப் பழந்தொழில். எனினும் ஏற்றுமதிக்குரிய தொழிலாக அது வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கடுக்காய் நீரில் தோய்த்து முடித்த தோல் ‘ஈ.ஐ.’ தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரில் இங்கிலாந்துச் சந்தையில் புகழ்பெற்றது. பின்னாளில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மடலேறும் தலைவன் சூடிய ஆவிரம்பூவைச் சங்கப்பாடல்களில் நடத்தும்பொழுது, அச்செடியின் பட்டைதான் நம் ஊர்களின் முதற்பெருஞ்செல்வத்தை ஈட்டித் தந்தது என்று வகுப்பில் கூறுவது என் வழக்கம். மாணவர் பூவைவிடப் பட்டையையே நன்கு நினைவில் வைத்துக்கொள்கின்றனர்.

ஆவாரம்பட்டையின் தட்டுப்பாட்டால் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை இடம்பிடித்தது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் அம்மரம் பயிரிடப்பட்டதும் இத்தேவை கருதியே. பட்டை மாறினாலும் தொட்டியும் பதமும் பெரிதும் மாறவில்லை. உண்மையான மாற்றம் குரோமியத்தால் வந்தது.

சென்னை மாகாணத்தில் குரோமிய முறையை அரசின் சார்பில் சோதித்தவர் ஆல்பிரட் சட்டர்ட்டன். 1903ஆம் ஆண்டளவில் அவர் இதனைத் தொடங்கியபோது அவர் கருத்திலிருந்தது மேனாட்டார் அணியும் காலணியன்று. நம் உழவர் கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச்சால். பட்டையில் பதனிட்ட தோல் எந்நேரமும் நீரில் நனைந்தால் நாளடைவில் கெட்டுவிடும். குரோமியத் தோல் நெடுநாள் தாங்கும். ஆகக் குரோமியம் இம்மண்ணில் கால்வைத்தது கிணற்றுப் பாசனத்துக்குத் துணைசெய்யவே. அதே முறையில் பின்னர் வளர்ந்த தொழிலின் கழிவுநீர் பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறங்கிய செய்தியை நோக்கும்போது, எந்தப் புதுமையும் அதனைக் கொண்டுவந்தவரின் எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை என்பது விளங்கும்.

நாட்டு விடுதலைக்குப் பின் 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக விளங்கிய நாயுடம்மா, ஆராய்ச்சிக்கூடத்தையும் தோல் ஷாப்பையும் இணைக்க அரும்பாடுபட்டவர். (1985ஆம் ஆண்டு சூனில் அட்லாண்டிக் கடலின்மேல் வெடித்து வீழ்ந்த கனிஷ்கா விமானத்தில் அவர் உயிரிழந்தார்.) ஆராய்ச்சிக்கூடம் அருகில் இருந்தமை பாலாற்றுப் பகுதிக்குக் கிடைத்த பெரும்பேறு. பிற மாநிலத் தோல் நகரங்களுக்கு இவ்வாய்ப்பு இத்துணை அண்மையில் வாய்க்கவில்லை.

ஆயினும் ஆராய்ச்சி இருப்பதனாலேயே தொழில் மாறிவிடுவதில்லை. 1973ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிருந்து சென்றவை பெரும்பாலும் அரைப்பதத் தோல்களே. நிறமேற்றி, மெருகேற்றி, காலணியாக்கி, மும்மடங்கு நான்மடங்காய் விற்றவர் மேனாட்டார். சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி நடுவணரசு 1973இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அளவுக்கட்டுப்பாடும் வரியும் விதித்தது. முழுமையாக முடித்த தோலுக்கும் தோற்பொருளுக்கும் ஊக்கம் அளித்தது. அதன்பிறகே நம் ஊரார் நிறம், மெருகு, மென்மை ஆகியவற்றைக் கற்கும் கட்டாயத்துக்கு ஆளாயினர்.

எவ்வாறு கற்றனர் என்பது சுவையானது. சிலர் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பித் தோல் தொழில்நுட்பம் படிக்க வைத்தனர். வேதிப்பொருள் விற்க வந்த நிறுவனங்களின் நுட்பப் பணியாளர் தம் சரக்கைப் பயன்படுத்தும் முறையைக் கற்பித்துச் சென்றனர். இறக்குமதியாளர் அனுப்பிய மாதிரித் துண்டை வைத்துக்கொண்டு பத்துமுறை தவறி, பதினோராம் முறை அந்நிறத்தைப் பிடித்தோர் உண்டு. ஓர் ஆலையில் கற்ற மேஸ்திரி அதிகக் கூலிக்கு அடுத்த ஆலைக்குச் சென்றபோது, அவரோடு கலவை முறையும் சுவர்தாண்டிச் சென்றது. முதலாளிகள் இதனைத் திருட்டு என்றனர். மார்ஷல் இதனையே காற்றில் கலத்தல் என்றார். இயந்திரம் வாங்க முதலில்லாத சிறு ஷாப்புக்காரர் பெரியவர்களுக்குக் கூலிக்குப் பதனிட்டுத் தரும் ஜாப் ஒர்க்கில் இறங்கினர். சிலர் அதிலிருந்து மேலேறினர். பலர் அங்கேயே தங்கினர்.

வாங்குவோர் குரலும் அண்டையார் குரலும்

1989ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனி நாடு பென்டாகுளோரோஃபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்த பொருள்களைத் தடைசெய்தது. தோல் பூசணம் பிடிக்காதிருக்க இங்கு வழக்கமாகப் பயன்பட்டுவந்த பொருள் அது. ஏற்றுமதி நின்றுவிடும் என்னும் அச்சம் எழுந்தது. ஆராய்ச்சி நிறுவனமும் தொழிற்சங்கங்களும் விரைந்து செயற்பட்டன, மாற்றுப்பொருள்கள் வந்தன, சோதனைக்கூடங்கள் எழுந்தன. 1994இல் சிலவகை அசோ சாயங்களை அந்நாடு தடுத்தபோதும், 2015 மே முதல் தோலில் ஆறிணைதிறக் குரோமியத்தின் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லை வகுத்தபோதும் இதுவே நிகழ்ந்தது. வாங்குவோர் கேட்டதை நம் தொழில் வியத்தகு விரைவில் கற்றுக்கொண்டது.

இதே காலத்தில் ஆற்றங்கரை ஊர்களின் கிணறுகள் உவர்த்துக்கொண்டிருந்தன. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும். அந்நீர் உப்பையும் சுண்ணாம்பையும் குரோமியத்தையும் சுமந்து வெளியேறியது. தென்னை காய்ப்பு நின்றதையும், குடிக்க நீரின்றிப் பெண்கள் தொலைவு நடந்ததையும் அவ்வூரார் கூறினர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பின்படி, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியிழந்திருந்தது. இக்குரலைக் கேட்டு எந்தச் சோதனைக்கூடமும் விரைந்து எழவில்லை. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்சநீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. இன்று சட்டக்கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் அவ்வழக்கின் பெயரில் நம் வேலூர் இருக்கிறது. இது பெருமையா, சிறுமையா என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். வழக்குத் தொடுத்தோரும் வேலூர்க்காரரே என்று விடையளித்தேன்.

கடல்கடந்த வாடிக்கையாளரின் கடிதத்தைப் படித்தவர்கள் வேலியடுத்த உழவரின் கிணற்றை ஏன் பார்க்கவில்லை? அறியாமை என்று சொல்லித் தப்ப இயலாது. அறிவு நூறு கல் தொலைவில் சென்னையிலேயே இருந்தது. வாங்குவோர் மறுத்தால் இழப்பு ஆலைக்கு. கிணறு கெட்டால் இழப்பு பிறர்க்கு. யாருடைய இழப்பு கணக்கில் ஏறுகிறதோ அவர்களிடமிருந்தே ஒரு தொழில் கற்கிறது என்று நான் கருதுகிறேன். அண்டைவீட்டாரின் உரிமையை இத்துணை வலியுறுத்தும் மரபில் வந்த நமக்கு இது எளிதில் கடந்துசெல்லக் கூடிய செய்தியன்று. நம் பெரியோர் இதனைக் குறையாகக் கொள்ளாமல் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.

தீர்ப்பு 1996 நவம்பர் 30ஆம் நாளை எல்லையாக வைத்தது. அதற்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலை இயங்கலாகாது. நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் தனித்தனியே இதனைச் செய்ய இயலாது. எனவே ஆலையுரிமையாளர் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தனர். ரானிடெக், விஷ்டெக், வாணிடெக், ஆம்பூர்டெக் என்னும் பெயர்கள் இவ்வாறு தோன்றியவையே. சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்த்தவர்கள் ஒரே குழாயில் தம் கழிவை விட்டு, ஒரே கணக்கில் பணம் கட்டக் கற்றனர். இதனை ஆராய்ந்த லொரெய்ன் கென்னடி என்னும் அறிஞர், பிழைத்திருப்பதற்கான கூட்டுறவு என்று தலைப்பிட்டு 1999இல் கட்டுரை வெளியிட்டார். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹியூபர்ட் ஷ்மிட்ஸ், பிரேசிலின் சினோஸ் பள்ளத்தாக்குக் காலணித் தொழிலை ஆய்ந்து வகுத்த ‘கூட்டுத்திறன்’ என்னும் கோட்பாடு கென்னடியின் ஆய்வுக்கு அடிப்படை. அண்டையில் இருப்பதாலேயே தானாகக் கிடைக்கும் பயன் ஒன்று. கூடிப்பேசி முயன்று பெறும் பயன் மற்றொன்று. பாலாற்றில் இரண்டாவது வகை, நீதிமன்றக் கட்டளைக்குப் பின்னரே கைகூடியது. உறவும் ஊரும் ஜமாஅத்தும் வணிகர் சங்கமும் இதற்குத் துணைநின்றதை உள்ளூரார் அறிவர்.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று கூற இயலவில்லை. 2001ஆம் ஆண்டில் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் வழங்குமாறு பணித்தது. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. கழிவுநீரை முற்றிலும் மீட்டு ஆற்றில் விடாதிருக்கும் முறை பின்னர் வந்தது. ஆனால் நீர் ஆவியானபின் எஞ்சும் உப்புக் குவியலை என்செய்வது என்னும் சிக்கல் அதனோடு பிறந்தது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை விட்டுச்சென்ற கழிவு இலட்சம் டன்னுக்கு மேற்பட்டது. 2015 சனவரி 31ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், இராணிப்பேட்டைச் சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத்தொட்டிச் சுவர் உடைந்து, அண்டை ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட பத்துப்பேர் கசடில் மூழ்கி இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 சனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, மேற்பார்வைக் குழு அமைக்கவும் பாதிக்கப்பட்டோர்க்கு ஈடுவழங்கவும் கட்டளையிட்டது. முதல் வழக்குத் தொடுத்து முப்பத்துநான்காம் ஆண்டு அது.

தைப்பு வரிசையின் பள்ளி

இவற்றுக்கிடையே தொழிலின் மையம் தோலிலிருந்து காலணிக்கு நகர்ந்தது. தோல் ஷாப்பு ஆண்களின் இடமாக இருந்தது. காலணி ஆலையோ பெண்களின் இடமாயிற்று. ஓரம் சீவுதல், மடித்தல், ஒட்டுதல், தைத்தல் எனப் பல கைகளைக் கடந்து மேற்பகுதி உருவாகிறது. ‘மிஷினை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல சார். பக்கத்துல உட்கார்ந்து ஓரக்கண்ணால பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துல வேஸ்ட் துண்டுல ஓட்டிப் பார்த்தேன்’ என்று வண்டியில் உடன்வரும் அம்மையார் ஒருவர் ஒருநாள் கூறினார். அவர் இன்று புதிதாய் வருவோர்க்குக் கற்பிக்கிறார். ஆனால் ஆசிரியர் என்னும் பெயரோ அதற்குரிய ஊதியமோ அவருக்கில்லை. திருமணமாகியோ குழந்தை பெற்றோ வெளியேறும் பெண்களோடு பல ஆண்டுக் கைத்திறனும் வெளியேறுகிறது. திரும்பி வரும்போது கடைசி வரிசையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இப்போது தோலல்லாத காலணியின் காலம் வந்திருக்கிறது. செய்யாற்றில் தைவான் நாட்டு நிறுவனம் விளையாட்டுக் காலணிகள் செய்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு காலணி, தோற்பொருள் துறைக்கெனத் தனிக்கொள்கை வெளியிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு ஐம்பது விழுக்காடு வரை வரி விதித்தபோது எங்கள் வண்டியில் வழக்கமான பேச்சு குறைந்தது. கூடுதல் நேரப்பணி உண்டா, இல்லையா என்பதே பேச்சாயிற்று. எந்தக் கல்வித்திட்டமும் கணக்கில் கொள்ளாத மாணவர் அவர்கள்.

தமிழ்த்துறைக்குரிய பணி

நம் பகுதியின் கல்விக்கூடங்கள் தோல் வணிகர் கொடையால் தழைத்தவை என்பதை இம்மலரைப் படிப்போர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. 1924இல் உமராபாத்தில் தாருஸ்ஸலாம் அரபுக்கல்லூரியை நிறுவிய காகா முகம்மது உமர் தோல் வணிகரே. மேல்விசாரத்து வள்ளல் அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயர் தாங்கிய கல்லூரி 1965இலும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் எழுந்தன. இக்கொடையாளர்தம் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன, அது தகும். ஆயின் சுண்ணாம்புக் குழியில் முழங்கால் அளவு நின்று மயிர் நீக்கிச் சதை சீவிய கைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களுடையவை. அவர்களின் அறிவின்றி ஒரு தோலும் பதமாகியிராது. அவ்வறிவு எக்கல்லிலும் இல்லை, எந்நூலிலும் இல்லை. அது சொற்களில் மட்டுமே இருக்கிறது.

‘பதம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சோற்றுக்கும் பதம் உண்டு, மண்ணுக்கும் பதம் உண்டு, தோலுக்கும் பதம் உண்டு. பதனிடுதல் என்னும் சொல் இதன்வழி வந்தது. பதம் என்பது சொல்லையும் குறிக்கும் என நிகண்டு கற்ற மாணவர் அறிவர். பச்சைத்தோல், உப்புத்தோல், பட்டைத்தொட்டி ஆகிய சொற்கள் வழக்கொழிந்து, அவ்விடத்தில் வெட்புளூ, கிரஸ்ட், ஷேவிங், பஃபிங் ஆகியவை குடியேறின. வேற்றுச்சொல் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. புதிய பொருளோடு புதிய சொல் வருவது இயல்பு. பழைய சொல் எழுதப்படாமலே போவதுதான் வருத்தம். தோலின் ஒவ்வொரு குறைக்கும், ஒவ்வோர் ஊறலின் நிலைக்கும் தொழிலாளர் பெயர் வைத்திருந்தனர். அப்பெயர்களில் தமிழும் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்திருந்தன. அக்கலப்பே யார் யாரிடம் கற்றனர் என்பதற்கு வரலாற்றுச் சான்று.

கரிசல் வட்டாரச் சொற்களைக் கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் அகராதியாக வெளியிட்டார். அதற்கு அவர்க்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவைப்படவில்லை, பொறுமை தேவைப்பட்டது. பாலாற்றுத் தோல்தொழிற் சொற்களுக்கு அத்தகைய தொகுப்பு ஒன்றை நம் துறை மாணவர் தொடங்குவது பொருந்தும். இளமுனைவர் பட்டத்திற்கென ஆண்டுதோறும் ஒரே காப்பியத்தின் உவமைகளை எண்ணிக்கொண்டிருந்த தலைமுறையைச் சார்ந்தவன் நான் என்பதால் இதனைத் துணிந்து சொல்கிறேன்.

வரும் பருவத்தில் இதற்கெனப் பன்னிரண்டு மாணவர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் எழுவரின் வீட்டில் யாரேனும் ஒருவர் தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ இருந்தவர் அல்லது இருப்பவர். முதலில் வீட்டில் கேட்டு வருமாறு கூறியுள்ளேன். சொல்லை மட்டும் எழுதாமல், அதனைச் சொல்லும்போது கை என்ன செய்கிறது என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

என் தந்தையார் கடைசித் தரத்துக்கும் கீழாக ஒரு தோலை ஒதுக்கும்போது எண்ணைச் சொல்லமாட்டார். அதற்கென வேறொரு சொல் சொல்லுவார். அச்சொல்லின் ஓசை எனக்கு நினைவிருக்கிறது, பொருள் தெரியாது. அவர் இருந்தவரை நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அவரோடு பணிசெய்த இருவர் பேரணாம்பட்டில் இன்னும் இருக்கின்றனர். பருவத் தேர்வு முடிந்த வாரமே மாணவரோடு அவர்களைக் காணச் செல்வதாக இருக்கிறேன்.